பாட்டிக்கு உரிய கருவி

கும்ப மாதத்தில், ஆற்றுகால் பொங்காலை நாளன்று, ஸ்ரீவராகத்துத் தெருக்களில் கால் வைக்க இடம் இராது. செங்கற்களை அடுக்கி, அவற்றின்மேல் பானையை ஏற்றி, பெண்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருப்பர். 2009ஆம் ஆண்டுப் பொங்காலையில் 25 இலட்சம் பெண்கள் கூடினர் எனக் கின்னஸ் நூல் பதிவு செய்துள்ளது. அவர்களின் பக்தியைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அவர்களின் முழங்கால்களைப் பற்றி எழுதியவர் எவரும் இலர். வெயிலிலும் புகையிலும் நெடுநேரம் குந்தியிருந்து, பின்பு கனத்த பானையை எடுத்துக்கொண்டு எழுவதற்குத் தொடையிலும் இடுப்பிலும் வலிமை வேண்டும்.

எங்கள் அடுத்த வீட்டுப் பாட்டிக்கு 78 வயது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொங்காலை இட்டு வருபவர். சென்ற பொங்காலையின்போது பானை நன்றாகவே பொங்கியது. பாட்டியால்தான் எழ இயலவில்லை. நானும் மற்றொரு பெண்ணும் கைகொடுத்துத் தூக்கினோம். வீடு திரும்பும்போது, இனித் தாம் வரப்போவதில்லை என்று மெல்லக் கூறினார். அச்சொல் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

அவ்வீட்டின் மாடியில் ஒரு பளுப்பயிற்சிக் கருவி நிற்கிறது. வளைகுடா நாட்டில் பணிபுரியும் மகன், கல்லூரியில் பயிலும் தம் பிள்ளைக்காக வாங்கித் தந்தது. பேரன் இரண்டு மாதங்கள் ஊக்கத்தோடு இழுத்தான். அதன்பின் இடவப்பாதி மழை வந்தது, ஈரத்துணிகளை உலர்த்தக் கருவி பயன்பட்டது, இன்றும் பயன்படுகிறது. அக்கருவி அவ்வீட்டில் எல்லாருக்கும் முன்னதாகப் பாட்டிக்கு உரியது என்பதே என் கருத்து. இதைச் சொன்னபோது வீட்டார் சிரித்தனர். பாட்டியும் சிரித்தார்.

அவர்கள் சிரித்ததில் வியப்பில்லை. வலிமை என்றவுடன் நம் மனத்தில் எழும் உருவம் ஓர் இளைஞனுடையது. தென்பாண்டிச் சீமையின் ஊர்களில் கிடக்கும் உருண்டைக் கல்லுக்கு இளவட்டக்கல் என்று பெயர். வயதே பெயரில் இருக்கிறது. அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் எறிந்தவனே மணமகனாகத் தகுந்தவன் என எண்ணிய காலம் உண்டு. பின்னர் யூஜின் சாண்டோ வந்தார். ஐரோப்பாவில் புகழ்பெற்ற இந்த வல்லுடலாளர், 1904-05ஆம் ஆண்டுகளில் இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்து காட்சிகள் நடத்தினார். கதவில் மாட்டி இழுக்கக்கூடிய இரப்பர்க் கயிற்றுக் கருவியை வீடுகளுக்கென விற்றவரும் அவரே. இன்றைய வீட்டுப் பயிற்சிக் கருவிகளின் மூதாதை என அதைக் கூறலாம். அவர் பெயர் தமிழிலும் தங்கிவிட்டது. கையில்லாத பனியனைச் சாண்டோ பனியன் என்கிறோம். திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவருக்குச் சாண்டோ என்பது அடைமொழியாயிற்று. ஆனால் சாண்டோவோடு சேர்ந்து ஒரு பிழையான எண்ணமும் நம்மிடம் குடியேறியது: வலிமை என்பது கண்ணாடி முன் நின்று பார்ப்பதற்கு உரியது என்னும் எண்ணம்.

வலிமை நோயாளிக்கும் உரியது என்பதை நிறுவியவர் ஓர் இராணுவ மருத்துவர். தாமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்கர், இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகாகோ நகரில் சிகிச்சை அளித்தார். நலிந்த தசைக்கு மெல்லிய அசைவே போதும் என மருத்துவ உலகம் நம்பிய காலம் அது. அவர் அதற்கு மாறாக, தசை தாங்கக்கூடிய அளவு பளுவைக் கொடுத்து, அதைப் படிப்படியாக உயர்த்தினார். 1945இல் அம்முறையை வெளியிட்டார். பளுப்பயிற்சியின் உயிர்நிலை இதுதான். நேற்றுத் தூக்கியதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தூக்குமாறு கேட்டால், தசை அதற்கேற்பத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். கேட்காவிட்டால் சுருங்கும்.

முதுமையிலும் இது நிகழுமா? 1990ஆம் ஆண்டில் மரியா ஃபியாட்டரோனும் அவருடைய குழுவினரும் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் நடத்திய ஆய்வை இங்குக் கூறாமல் இருக்க இயலாது. அதில் சேர்ந்தவர்கள் பத்துப் பேர். சராசரி வயது 90. எட்டு வாரம் கால்தசைகளுக்குப் பளுப்பயிற்சி அளிக்கப்பட்டது. ஒன்பது பேர் இறுதிவரை நிலைத்தனர். அவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. இருவர் கைத்தடியை விட்டனர். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ இயலாதிருந்த மூவருள் ஒருவர் எழுந்தார். எண்ணிக்கை சிறியதுதான், ஒருவர் எழுந்தார், இருவர் எழவில்லை என்பதையும் மறைக்கலாகாது. பயிற்சியை நிறுத்திய நான்கு வாரங்களில் பெற்ற வலிமையில் ஒரு பகுதி மறைந்தது என்பதும் அவ்வாய்வு சொன்ன செய்தியே.

இங்கு ஒரு மறுப்பு எழும். அக்காலத்துப் பெண்கள் அம்மி அரைத்தனர், உரலில் குத்தினர், கிணற்றில் நீர் இறைத்தனர். அவர்களுக்குக் கருவி எதற்கு என்பர். உண்மை. உலக்கையும் ஒரு பளுக்கருவியே. ஆனால் அவ்வேலைகள் நம் சமையலறையை விட்டுப் போய் நெடுங்காலம் ஆயிற்று. அவை மீண்டும் வரவேண்டும் என நான் விரும்பவும் இல்லை. ஓய்வும் ஊதியமும் இன்றிச் செய்த அவ்வுழைப்பு எத்தனையோ முதுகுகளை முறித்தது. பயிற்சியில் பளுவின் அளவு நம் கையில் இருக்கிறது. பயிற்சி நாள்களுக்கு இடையே ஓய்வும் இருக்கிறது. அம்மியில் இவ்விரண்டும் இல்லை.

கிழக்குக் கோட்டையில் புகழ்பெற்ற சி.வி.என். களரி இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அது பெருமைக்குரிய கலை. எனினும் 78 வயதில் மெய்ப்பயிற்சி தொடங்க எந்தப் பாட்டியும் களரிக்குழியில் இறங்கமாட்டார். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, எவர் கண்ணிலும் படாமல், புடைவையோடு அமர்ந்து செய்யத்தக்க பயிற்சியே அவருக்கு வேண்டும்.

இந்தத் தேவை ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இந்திய மக்கள் தொகையில் அறுபது வயதைக் கடந்தோர் 8.6 விழுக்காட்டினர்; கேரளத்தில் 12.6 விழுக்காட்டினர். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, மூத்தோர் மட்டும் வாழும் வீடுகள் எங்கள் தெருவிலேயே பல. அத்தகைய வீட்டில் குளியலறையில் ஒருவர் விழுந்தால், தாமாக எழ முடிகிறதா என்பதே பெரிய வினா. அறுபத்தைந்தைக் கடந்தவர்களும் வாரத்தில் இரண்டு நாளேனும் தசையை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. நாம் முதியோரைப் பார்த்து "சும்மா உட்காருங்கள்" என்கிறோம். அன்பினால் சொல்கிறோம், ஆயினும் அது தீங்கான அறிவுரை.

விலை மிகுந்த கருவி அனைவருக்கும் தேவை என நான் கூறவில்லை. இரப்பர்ப் பட்டை ஒன்றும் உறுதியான நாற்காலி ஒன்றும் போதும். கருவியின் சிறப்பு வேறு. அதில் இரும்புத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். செருகாணியை எந்தத் தட்டின் துளையில் செருகுகிறோமோ, அதுவரையிலான எடை மட்டும் கப்பியின் வழியே மேலெழும். பளு கைதவறிக் காலில் விழாது. எத்தனை தட்டு உயர்ந்தோம் என்பது கண்ணுக்குத் தெரியும். மூச்சை அடக்காமல் இழுக்கவேண்டும். மூட்டு வலித்தால் நிறுத்தவேண்டும். கம்பிவடம் தேய்ந்துள்ளதா எனப் பார்க்கவேண்டும். இரத்த அழுத்தம் உடையோர் மருத்துவரைக் கேட்டபின்பே தொடங்கவேண்டும்.

பாட்டியும் அவ்வாறே கேட்டார். இயன்முறை மருத்துவர் ஒருவர் வீட்டுக்கு வந்து, துணிகளை அகற்றச் செய்து, முதல் தட்டில் தொடங்கி வைத்தார். செவ்வாய், வெள்ளி என இரண்டு நாள்கள். இழுத்து முடித்தபின், கருவியின் இருக்கையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து அமர்தல் ஐந்து முறை. முதல் மாதத்தில் ஒருமுறைகூட முழுமையாக இயலவில்லை. நான் என் கருத்தைச் சற்று அடக்கியே வைத்திருந்தேன். சென்ற வெள்ளிக்கிழமை மாடிக்குப் போனேன். பாட்டி மூன்று முறை எழுந்து அமர்ந்தார். பின்பு பேரனை அழைத்து, செருகாணியை ஒரு துளை கீழே இறக்குமாறு கூறினார்.