குண்டு ஒன்று, கேள்வி இரண்டு!

துப்பாக்கி வெடிக்கிறது. கதாநாயகன் சாய்கிறான். ஏவி.எம். தயாரிக்க, எஸ். பாலசந்தர் இயக்கி 1954-ல் வெளிவந்த ‘அந்த நாள்’ இப்படித்தான் தொடங்குகிறது. சாய்ந்தவர் யார்? சிவாஜி கணேசன்! எவரைக் காண மக்கள் கொட்டகையில் கூடினரோ, அவரையே எடுத்த எடுப்பில் பிணமாக்கிய துணிவைப் பார்த்தாயா?

பாட்டில்லை, ஆட்டமில்லை, சண்டையில்லை. பரபரப்பு குறைந்ததா? இல்லை! சுடப்பட்டவனைக் காட்டினர், சுட்ட கையை மறைத்தனர். மறைந்த அந்தக் கைதான் நம்மை எழவிடாமல் உட்கார வைத்தது.

‘கொன்றவர் யார்?’ என்ற கேள்வி, ‘மாண்டவன் எத்தகையவன்?’ என்று பிறகு திரும்புகிறது. 1943-ல் சென்னைமீது சப்பான் குண்டு வீசிய அந்நாளில், அவன் நாட்டின் இரகசியத்தைப் பகைவருக்கு விற்றவன்! சொரிந்த இரக்கம் சினமாகிறது.

ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் மேடையேறும் தோழனே! ஆலை வேலை முடித்து அலுத்து வரும் தொழிலாளிமுன், முதல் அரைமணியை மாலைக்கும் மரியாதைக்கும் செலவிடுகிறோமே, முறையா? விலைவாசிக் குண்டு அவன் அடுப்படியிலே விழுந்து கிடக்கிறது. வீசிய கை எது? முதற்சொல்லிலேயே கேள்! விடையை அவன் தேடட்டும். தேடத் தொடங்கிய மக்களை ஏய்க்க எவராலும் இயலாது!