விமானிக்குப் பிஸ்டல், எங்களுக்குப் பங்கர்

துவக்குகளைப் பற்றிய யூடியூப் காணொளிகளை எங்கட வயதுப் பெடியள் விழுந்து விழுந்து பார்க்கிறாங்கள். நாங்களும் பார்த்தனாங்கள், பொய் சொல்லத் தேவையில்லை. அண்மையில் எங்கட வட்டத்துக்குள் சுற்றிவந்தது, சுட்டு வீழ்த்தப்படும் விமானி உயிர்தப்பவென்று வடிவமைத்த சத்தம் குறைந்த பிஸ்டல்கள் பற்றியது. "என்னமா யோசிச்சிருக்கிறாங்கள்" என்று ஒருவர் எழுத, கீழே வரிசையாக இதயக்குறிகள். அந்த "என்னமா"வோடுதான் எங்களுக்குச் சண்டை.

யோசித்திருக்கிறார்கள்தான். 1960 மே 1ஆம் திகதி சோவியத் வானில் வீழ்த்தப்பட்ட யூ-2 உளவு விமானத்தின் ஓட்டி கேரி பவர்ஸிடம் ஹை ஸ்டாண்டர்ட் எச்டிஎம் என்ற பிஸ்டல் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க உளவுப்பிரிவுக்காகச் செய்த, சத்தத்தை அமுக்கும் துவக்கு. எதிரி மண்ணில் தனியே விழுந்தவன் ஒரு முயலைச் சுட்டாலும் இருக்கும் இடம் தெரியக்கூடாது என்பது கணக்கு. பவர்ஸ் அதைச் சுடவேயில்லை. பிடிபட்டார், பிஸ்டல் மொஸ்கோவில் காட்சிக்குப் போனது. இன்று அமெரிக்க விமானப்படை, கழற்றிப் பூட்டக்கூடிய ஒரு ரைபிளையே விமானியின் இருக்கைப் பொதிக்குள் வைத்துவிடுகிறது. மார்ட்டின்-பேக்கர் என்ற பிரித்தானியக் கம்பெனியின் வெளியேற்று இருக்கைகள் 7,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. தப்பியவர்களுக்குக் கம்பெனி ஒரு கழுத்துப்பட்டியும் கொடுக்குமாம்!

ஆர்ஜென்டினாவில் செய்த புக்காராவிலும் அந்தக் கம்பெனியின் இருக்கைதான். 1995 யூலை 9ஆம் திகதி நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் இடம்பெயர்ந்து வந்து தங்கியிருந்த சனத்தின் மேல் குண்டு போட்டதும் புக்காராதான். நூற்றுக்கும் மேற்பட்ட ஆக்கள் செத்தவை. யாருக்கும் தண்டனை இல்லை. மேலே இருந்தவர் தப்ப ஒரு தொழிற்சாலையே யோசித்தது. கீழே இருந்தவைக்கு?

அவையும் யோசிச்சவைதான். சீமெந்துக்குத் தடை. ஆகவே பனங்குற்றி, மண்மூடை. நேராக வெட்டாமல் "ட" போல வளைத்து வெட்டினால், வாசலில் குண்டு விழுந்தாலும் சிதறு துண்டு உள்ளே நேராக வராது. இதைக் கண்டுபிடித்தவர்களுக்குப் பெயரில்லை, காணொளியும் இல்லை. சத்தத்தை வைத்தே இது சகடை, இது சியாமாசெட்டி, இது புக்காரா என்று அம்மாமார் பிரித்துச் சொல்லுவினமாம். அடுப்பில் இருந்த சோற்றை இறக்க நேரம் இருக்கா இல்லையா என்பது அந்தச் சத்தத்தில்தான் தெரியுமாம்.

"விமானியும் மனிசன்தானே" என்று கேட்பீர்கள். ஓம், மனிசன்தான். அவன் உயிர்தப்புவதில் எங்களுக்கு எரிச்சல் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்து வடிவமைப்பை மட்டும் அறிவு என்றும், இந்தப் பக்கத்தை அவலம் என்றும் பிரிக்கிறீங்களே, அதுதான் விளங்கேல்லை. இதைப் படித்துவிட்டு "நாங்களும் விமானம் விழுத்தினனாங்கள்" என்று நெஞ்சு நிமிர்த்துற ஆக்களுக்கும் ஒன்று: 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து புறப்பட்டு, புலிகளின் ஏவுகணையில் மன்னார்க் கடலில் விழுந்த லயன் எயார் விமானத்தில் 55 பேர். பெரும்பாலும் எங்கட சனம். அவையின் இருக்கைகள் எதுவும் வெளியே பாயவில்லை.

துவக்குக் காணொளிகளை நிறுத்தச் சொல்லேல்லை. நாங்கள் இந்த வருடம் மிஞ்சியிருக்கிற பங்கர்களை அளந்து, வரைந்து, வெட்டினவையிட்டக் கேட்டு எழுதப்போறம். உங்கட வளவுக்குள் ஒண்டு மூடாமல் கிடந்தால் சொல்லுங்கோ. டேப்பும் கொப்பியும் நாங்கள் கொண்டு வாறம்.