பாட்டில்நெக் என்னும் பூச்சாண்டி

“பழைய சிஸ்டத்துல காசைக் கொட்டாதீங்க சார். ஒரு லட்சம் இல்லாம கேமிங் பத்திப் பேசவே முடியாது.”

பாண்டி பஜாரில் ஒரு மாடிக் கடையில் இதை முதன்முதலாகக் கேட்டபோது தொகை 50,000-ஆக இருந்தது. ரிச்சி தெருவில் இன்னொருவர் சொன்னபோது 70,000 ஆகியிருந்தது. இப்போது லட்சம். தொகைதான் ஏறுகிறது, வசனம் மாறவில்லை. போன மாதம் அடையாறில் அக்கா வீட்டுக்குப் போனால், பிளஸ் ஒன் படிக்கும் அவள் பையன் அதே வசனத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கிறான். கையில் ஒரு கடைக்காரர் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட் வேறு: 96,500 ரூபாய். திருக்குறள் ஒப்பித்தல் போட்டியில் இந்த ஞாபகசக்தியைக் காட்டியிருந்தால் மாவட்ட அளவிலாவது பரிசு வாங்கியிருப்பான்.

முதலில் அந்த லட்சத்தைப் பார்ப்போம். எந்த விளையாட்டுக்கு லட்சம்? மருந்துக் கடையில்கூடத் தலைவலியா வயிற்றுவலியா என்று கேட்டுவிட்டுத்தான் மாத்திரை அட்டையைக் கிழிக்கிறார்கள். இவர்கள் அதைக்கூடக் கேட்பதில்லை. பையன் ஆடுவது இரண்டே விளையாட்டு, வேலரண்ட்டும் ஜிடிஏ 5-உம். வேலரண்ட் நொடிக்கு 60 பிரேமில் ஓட, அதை உருவாக்கிய ரயட் கேம்ஸ் கேட்பது ஐ3-4150 பிராசஸரும் ஜிடி 730 கார்டும். இரண்டுமே 2014-இல் வந்த சரக்கு. 2015-இல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜிடிஏ 5-க்கு ராக்ஸ்டார் பரிந்துரைத்தது ஐ5-3470, ஜிடிஎக்ஸ் 660. செய்தவனுக்கு இது போதும், விற்பவனுக்குப் போதவில்லை. சைபர்பங்க் ஓடுமா என்று கேட்பீர்கள். சரியாக ஓடாது. பையனுக்குப் பிளஸ் டூ வரப்போகிறது, ஓடாமலிருப்பதே நல்லது.

பழைய சிஸ்டத்திலேயே ஒரு செகண்ட்ஸ் கிராபிக்ஸ் கார்டைப் போட்டுக்கொள்ளலாமே என்றால், அதற்கு வாரண்டி இல்லை என்கிறார்கள். 6,000 ரூபாய்க்கு வாங்கியது இரண்டு வருஷம் உழைத்தால் அதற்குமேல் என்ன வாரண்டி.

செகண்ட்ஸில் வருவதெல்லாம் கிரிப்டோ மைனிங்கில் வெந்த கார்டு என்று இன்னொரு பயமுறுத்தல். எத்தீரியம் மைனிங் 2022 செப்டம்பரில் நின்றபோது மூட்டை மூட்டையாகக் கார்டுகள் சந்தைக்கு வந்தது நிஜம்தான். ஆனால் 4 ஜிபி கார்டுகளை வைத்து எத்தீரியம் தோண்ட முடியாமல் போனது 2020 கடைசியிலேயே. நான் பேசுவது அந்தக் குட்டிக் கார்டுகளைப் பற்றி.

மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் தாங்காதாம். போர்டில் கார்டு சொருகும் ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1650 இரண்டும் அந்த 75-க்குள் அடங்கிவிடும். தனியாக ஆறு பின் வயர் கேட்காத மாடலாகப் பார்த்து வாங்கினால் போதும். ஆபீஸிலிருந்து கழித்துக்கட்டிய பெரிய டவரின் 290 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் தூக்கிப் பாருங்கள், செங்கல் கனம். புதுக் கேபினட்டோடு சும்மா தருகிற ‘500 வாட்’டைத் தூக்கிப் பாருங்கள், அப்பளக் கட்டு. தாங்காது என்று சொல்பவர் விற்பது எதை என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி மூலவர் தரிசனம்: பாட்டில்நெக்.

இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நகரத்தில் எத்தனை குடும்பங்களின் பர்ஸைத் திறந்திருக்கிறார்கள்! “உங்க பிராசஸருக்கு இந்தக் கார்டு போட்டா பாட்டில்நெக் ஆயிடும் சார்.” அவ்வளவுதான், அப்பாவின் முகம் வெளுத்துவிடும். ஆஞ்சியோகிராம் எடுத்துவிட்டு டாக்டர் ‘பிளாக் இருக்கு’ என்று சொன்ன மாதிரி. எத்தனை சதவீதம், எந்த இடத்தில் என்று எதிர்க்கேள்வி கேட்கக்கூடத் தைரியம் வராது. போர்டு, பிராசஸர், ராம், கேபினட் என்று மொத்தத்துக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள்.

பாட்டில்நெக், அதாவது அடைப்பு என்பது என்ன? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த இலைக்கு என்ன வேண்டும் என்று பார்த்துச் சமையல்கட்டுக்குச் சொல்பவர் பிராசஸர். சமைப்பது கிராபிக்ஸ் கார்டு. எந்தப் பந்தியிலும் இரண்டில் ஒருவர் மற்றவருக்காகக் கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருப்பே இல்லாத கம்ப்யூட்டர் பூமியில் கிடையாது. லட்ச ரூபாய் சிஸ்டத்திலும் யாரோ ஒருவர் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறார். திரையில் புள்ளிகள் கூடினால் சமையல்காரருக்குத்தான் வேலை கூடும். 1366-க்கு 768 திரையில் சுமார் 10.5 லட்சம் புள்ளிகள், 1920-க்கு 1080-இல் 20.7 லட்சம், 4கே என்றால் 83 லட்சம். ஆனால் எதிரி எந்த மூலையில் நிற்கிறான், குண்டு எந்தச் சுவரில் பட்டது என்று சொல்கிறவருக்கு எந்தத் திரையானாலும் ஏறக்குறைய அதே வேலைதான்.

சரி, பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது யார்? மானிட்டர். அக்கா வீட்டில் இருப்பது பதினெட்டரை அங்குல மானிட்டர், 1366-க்கு 768, 60 ஹெர்ட்ஸ். நொடிக்கு 60 படத்துக்கு மேல் அதற்கு இறங்காது. சமையல்கட்டில் 200 இலைக்குச் சமைத்தாலும் சாப்பிடுவது 60 பேர்தான். 60-க்கு மேல் போனால் கை வேகம் கூடும் என்று தொழில்முறை ஆட்டக்காரர்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும். நம் பையன் வேலரண்ட்டில் இன்னும் அயர்ன் ரேங்க்கிலிருந்து ஏறவில்லை.

அந்த 96,500 ரூபாய் எஸ்டிமேட்டை இரண்டு முறை மேலிருந்து கீழே படித்தேன். ஆர்ஜிபி ஃபேன் ஆறு என்று இருந்தது. கண்ணாடிக் கேபினட் இருந்தது. பிராசஸருக்குத் தண்ணீர் கூலர் இருந்தது. மானிட்டர் இல்லை! லட்ச ரூபாயை அந்தப் பதினெட்டரை அங்குலத்தின் வழியாகத்தான் பையன் பார்த்திருப்பான். எது அடைப்பு என்று இப்போது சொல்லுங்கள். வீட்டில் என்ன மானிட்டர் வைத்திருக்கிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டாரா என்றேன். இல்லை மாமா என்றான்.

சரி, பழைய மெஷின் ஏன் இவ்வளவு இழுக்கிறது என்று மூடியைக் கழற்றினேன். 2021-இல் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கியது, ஓஎம்ஆரில் ஏதோ ஒரு ஐடி கம்பெனி கழித்துக்கட்டிய டவர், ஐ5-4590. ஹீட்சிங்க்கின் இடுக்கெல்லாம் தூசி கம்பளி மாதிரி அடைத்திருந்தது. பிராசஸருக்கு மேலிருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகக் கிடந்தது. சூடு 100 டிகிரியை நெருங்கினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சென்னை மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில், அது பாவம் வேறென்ன செய்யும். ‘பிராசஸர் வீக்’ என்று தீர்ப்புச் சொன்ன கடையில் யாரும் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கவே இல்லை.

ராம் ஸ்லாட் நாலில் ஒன்றில் மட்டும் 8 ஜிபி. இரண்டு சேனல் உள்ள போர்டில் ஒற்றை ராம் போடுவது, இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாட்டை மட்டும் பூட்டுவது போல. விற்கும்போது ஒற்றை ராமாகப் போட்டு விற்றவர்களும் கடைக்காரர்கள்தான், சில வருஷம் கழித்து வண்டி ஓடவில்லையே என்று உதடு பிதுக்குபவர்களும் அவர்கள்தான். அதற்கும் கீழே சுற்றிக்கொண்டிருந்தது ஒரு பழைய ஹார்டு டிஸ்க். விண்டோஸ் ஏறுவதற்குள் ஒரு டம்ளர் காபி குடித்துவிடலாம்.

பாட்டில்நெக் பற்றி வகுப்பெடுப்பவர்கள் கிராபிக்ஸ் கார்டை எப்படி விற்கிறார்கள் என்பதும் பார்க்க வேண்டிய காட்சி. ‘4 ஜிபி கார்டு’, ‘2 ஜிபி கார்டு’ என்று கத்திரிக்காய் மாதிரி எடை போட்டுத் தருவார்கள். ஜிடி 1030 என்று ஒரு கார்டு 2017-இல் வந்தது, நொடிக்கு 48 ஜிபி தகவலைக் கடத்தும். அடுத்த வருஷமே அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு இன்னொன்று வந்தது, 16.8 ஜிபிதான் கடத்தும். சுமார் மூன்றில் ஒரு பங்கு. பெட்டியில் பெயர் அதே ஜிடி 1030. கழுத்தை நெரிப்பது என்றால் இதுதான் கழுத்து நெரிப்பு. எந்தக் கவுன்ட்டரிலும் யாரும் இதை எனக்குச் சொன்னதில்லை.

ரிச்சி தெருவை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலும் மீரான் சாஹிப் தெருவிலும் ஒரு சனிக்கிழமை அலைந்தேன். இன்னொரு 8 ஜிபி ராம், சின்னதாக ஒரு எஸ்எஸ்டி, ஒரு டியூப் பேஸ்ட், ஆறு பின் கேட்காத செகண்ட்ஸ் ஜிடிஎக்ஸ் 1650. 2022 கடைசியில் கேம் விற்கும் ஸ்டீம் தளம் எடுத்த கணக்கில் உலகத்திலேயே அதிகம் பேர் வைத்திருந்த கார்டு இந்த 1650. அத்தனை பேரும் கேமிங் பற்றிப் பேசத் தகுதியில்லாதவர்கள் போலிருக்கிறது. கார்டைக் கடையிலேயே மாட்டி அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்துத்தான் காசு கொடுத்தேன். மொத்தம் 12,000-ஐத் தொடவில்லை. பையன் இப்போது அந்த மானிட்டர் தாங்குகிற 60 பிரேமில் தோற்றுக்கொண்டிருக்கிறான்.

கடைசி அஸ்திரம் ஒன்று உண்டு: “புதுசா வாங்கினா அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்ல.” இன்டெல் 2020-இல் 1200 சாக்கெட் கொண்டுவந்தது, 2021-இல் 1700, 2024-இல் 1851. எதிர்காலம் என்பது அடுத்த சாக்கெட் வரும் வரைதான். மாறாக ஏஎம்டியின் ஏஎம்4-ஐப் பாருங்கள். 2017-இல் வாங்கிய போர்டிலேயே பயாஸை மட்டும் அப்டேட் செய்து 2022-இல் வந்த பிராசஸரைப் போட்டவர்கள் இருக்கிறார்கள். ‘பழசில் காசு போடாதே’ என்பதை அவர்கள் கேட்டிருந்தால் நடுவில் இரண்டு போர்டு வாங்கியிருப்பார்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததே, இந்தப் பழைய டவரின் நாலாம் தலைமுறை பிராசஸரை விண்டோஸ் 11 ஏற்காதே என்று யாராவது கேட்டால், அது மைக்ரோசாஃப்ட்டிடம் கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொன்று. ராம் விலை இறங்கியிருந்த காலத்தில் “இப்ப சீப்பா கிடைக்குது, புதுசா வாங்கிடுங்க” என்றார்கள். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் சிப்புகளை வாரிக்கொண்டு போக, ராம் விலை எகிறியது. டிசம்பரில் மைக்ரான் தன் க்ரூஷியல் பிராண்டையே சில்லறைச் சந்தையிலிருந்து எடுப்பதாக அறிவித்தது. இப்போது “இன்னும் ஏறும், உடனே வாங்கிடுங்க” என்கிறார்கள். இறங்கினாலும் வாங்கு, ஏறினாலும் வாங்கு. எக்ஸ்சேஞ்சில் பழைய ராமையும் கழற்றி வைத்துவிட்டுப் போ.

கடைக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டு மானிட்டரின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் அதைப் பற்றிக் கேட்டால் உட்கார்ந்து பேசுங்கள். கேட்காமலே எஸ்டிமேட் எழுத ஆரம்பித்தால் மெதுவாகப் படியிறங்கி வந்துவிடுங்கள். பாண்டி பஜார் நடைபாதை இப்போது அகலமாகத்தான் இருக்கிறது.