ஆளில்லா நிலையம்

மதுரையினின்று மேற்கே போடிநாயக்கனூர் வரை செல்லும் இருப்புப்பாதை 1928ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஏலமும் காப்பியும் விளையும் மலைகளின் அடிவாரத்தை மதுரையோடு இணைத்த பாதை அது. ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்து தேனியை அடையும் அவ்வண்டியில் இளமையில் யான் பன்முறை சென்றுள்ளேன். பெரிய நிலையங்கள் நினைவில் மங்கிவிட்டன. வழியில் இருந்த சிற்றூர் நிறுத்தம் ஒன்று மட்டும் மங்கவில்லை.

அங்கே நிலையத் தலைவர் இல்லை, கைகாட்டி இல்லை, சுமை தூக்குவாரும் இல்லை. ஒரு பெயர்ப்பலகை, ஒரு வேப்பமரம், ஓட்டுக்கூரை வேய்ந்த சிற்றறை, இவ்வளவே. அவ்வூரார் ஒருவர் பெரிய நிலையத்திலிருந்து சீட்டுகளைப் பெற்றுவந்து விற்பார். அவருக்குச் சம்பளம் கிடையாது. விற்ற சீட்டுக்குத் தரகு மட்டுமே உண்டு. வண்டி சென்றதும் அறையைப் பூட்டிவிட்டு வயலுக்குப் போய்விடுவார்.

ஒருநாள், வண்டி வந்து நின்றபின் மூதாட்டி ஒருவர் கூடையுடன் ஓடிவந்தார். “ஏறிக்கொள்ளுங்கள் ஆத்தா, இங்கே கேட்பார் யார்?” என்றார் சீட்டு விற்பவர். “கேட்பார் இல்லாவிட்டால் என்ன தம்பி? சீட்டைக் கொடு. இந்த ஊரில் ஆள் ஏறியது தெரிய வேண்டாமா?” என்றார் மூதாட்டி. கார்டு பச்சைக்கொடியைத் தாழ்த்திக்கொண்டு காத்திருந்தார்.

மாணவர்களே! அம்மூதாட்டி கூறியது வெறும் நேர்மையன்று, கணக்கறிந்த சொல். இத்தகைய நிறுத்தத்தைப் பயன்படுத்துவோர் எத்துணையர் என்பதை விற்ற சீட்டே காட்டும். சீட்டின்றி ஏறுவோன் சில காசுகளை மிச்சப்படுத்துகிறான். ஆயின் தன் ஊரைக் கணக்கினின்றும் அழித்துவிடுகிறான். பின்னர், ‘இங்கு ஏறுவார் இல்லை’ என்று நிறுத்தத்தை மூடும்போது, கூக்குரலிட்டுப் பயன் என்ன? நின்று புறப்படுதலால் நேரமும் எரிபொருளும் செலவாகின்றன என்பாரும் உளர். அது மெய்யே. எனினும், பேருந்துக் கட்டணத்தை எண்ணி எண்ணிப் பார்க்கும் கூலியாளுக்கு அந்த ஒரு நிமிட நிறுத்தமே பெரும் வசதியன்றோ?

சப்பானில் ஆளில்லா நிலையங்கள் மிகப் பல. வடதீவாகிய ஒக்கைடோவில் கியூ-சிரத்தாக்கி என்னும் நிலையம் 2016 மார்ச்சு மாதம் மூடப்பட்டது. பள்ளி மாணவி ஒருத்திக்காகவே அதனை நடத்தினர் என்று உலகம் வியந்தது. அது முழு உண்மையன்று. பயணிகள் குறைந்தமையால் மூடினர். கால அட்டவணை மாறும் மார்ச்சு மாதமே அங்குக் கல்வியாண்டின் முடிவுமாகும். ஆயினும் அக்கதையைப் பலர் நம்பினர். நம்ப விரும்பினர் என்பதே பொருத்தம்.

நம் பாதையும் இடையூறின்றி வாழ்ந்ததன்று. இரண்டாம் உலகப்போரின்போது அதன் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. பின்னரே மீண்டும் அமைந்தன. அகலப்பாதையாக்கும் பொருட்டு 2010ஆம் ஆண்டின் இறுதியில் வண்டி நின்றது. தேனிக்கு 2022 மே மாதத்திலும், போடிக்கு 2023 சூன் மாதத்திலுமே திரும்பிற்று. நின்றபோது தொடக்கப்பள்ளியில் இருந்த சிறுவர், திரும்பியபோது கல்லூரியில் இருந்தனர். கம்பம், கூடலூர்ப் பகுதியினரோ திண்டுக்கல்லிலிருந்து தங்கள் பள்ளத்தாக்கிற்கு ஓர் இருப்புப்பாதை வேண்டுமென்று நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர்.