தெளிந்த நீருக்குப் புல்லும் வேண்டும்



அன்புக்குரிய ஆசிரியர்களே, பெற்றோர்களே,

பல ஆண்டுகளுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் கட்டுரையில் சிவப்பு மையால் ஒரு கோடு கிழித்தேன். ‘தூய்மையான குளம்’ என்பது தலைப்பு. “குளத்து நீர் தெளிவாக இருந்தால் அடியில் புல் வளரும்” என்று அவன் எழுதியிருந்தான். ‘பிழை. தூய்மையான குளத்தில் களை இராது’ என்று ஓரத்தில் குறித்துக் கொடுத்தேன். அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. திருத்தி எழுதிய கட்டுரையில் குளம் கண்ணாடிபோல் இருந்தது. புல் பூண்டு எதுவுமில்லை. நானும் மகிழ்ந்து நல்ல புள்ளிகள் கொடுத்தேன்.

பிழை செய்தவன் அவனல்லன், நான்தான் என்பதை 2024-ஆம் ஆண்டில் ஓர் ஏரிக்கரையில் நின்று அறிந்துகொண்டேன்.

அவ்வாண்டு மே மாதம் என் அண்ணன் மகளின் பட்டமளிப்பு விழாவிற்காக அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசனுக்குச் சென்றிருந்தேன். மேடிசன் ஏரிகளின் நகரம். மெண்டோட்டா, மொனோனா, வாபீசா, கெகோன்சா, விங்ரா என ஐந்து ஏரிகள் அந்நகரையும் சுற்றுவட்டாரத்தையும் அணிசெய்கின்றன. அவற்றுள் மிகச் சிறியது விங்ரா. அம்மண்ணின் பூர்வகுடிகளான ஹோ-சங்க் மக்களின் மொழியில் இப்பெயர் வாத்தைக் குறிக்கும் என்பர்.

விங்ராவின் பரப்பு ஏறக்குறைய 130 ஹெக்டேர். சராசரி ஆழமோ மூன்று மீட்டருக்கும் குறைவு. அருகிலுள்ள மெண்டோட்டாவின் சராசரி ஆழம் ஏறக்குறைய 13 மீட்டர் என்பதை எண்ணிப் பார்த்தால், விங்ராவை ஒரு பெரிய தட்டு என்றே சொல்ல வேண்டும். ஒரு கரையில் பூங்காவும், நீராடும் மணற்பரப்பும், விலங்குத் தோட்டமும் உள்ளன. மறுகரையில் 1934-இல் திறந்துவைக்கப்பட்ட பல்கலைக்கழகத் தாவரக் காடு அடர்ந்து நிற்கிறது. கோடையில் படகு வலிப்போரும் தூண்டில் போடுவோரும் வருகின்றனர். குளிர்காலத்தில் நீர் உறைந்தபின் பனிக்கட்டியில் துளையிட்டு அதன்வழி மீன் பிடிக்கின்றனர்.

ஜூன் முதல் தேதி, சனிக்கிழமை. “சித்தப்பா, இன்றும் நாளையும் யார் வேண்டுமானாலும் உரிமம் இல்லாமல் மீன் பிடிக்கலாம். வாருங்கள்” என்று என்னை அழைத்துச் சென்றாள் அண்ணன் மகள். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தின் முதல் வார இறுதியை அம்மாநிலம் இலவச மீன்பிடி நாள்களாக வைத்திருக்கிறது. தூண்டில் இல்லாதவர்களுக்கு இரவல் கொடுக்கும் நிலையங்களும் உண்டு. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதுமே உரிமம் தேவையில்லை. ஆனால் எந்த மீனை எத்தனை பிடிக்கலாம், எந்த அளவுக்குக் குறைந்ததை நீரில் விட வேண்டும் என்ற விதிகள் இலவச நாள்களிலும் மாறுவதில்லை. உரிமத்தைத் தள்ளிவைத்தார்கள், ஒழுங்கைத் தள்ளிவைக்கவில்லை.

மரப்பாலத்தின் நுனியில் ஒரு முதியவரும் எட்டு வயது மதிக்கத்தக்க அவருடைய பேத்தியும் அமர்ந்திருந்தனர். சிறுமியின் மிதவை அமிழ்ந்தது. உள்ளங்கை அகலமுள்ள புளூகில் மீன் ஒன்று துள்ளிக்கொண்டு வந்தது. முதியவர் தம் கையை நீரில் நனைத்துக்கொண்ட பிறகே மீனைத் தொட்டார். உலர்ந்த கை பட்டால் மீனின் உடலைக் காக்கும் வழவழப்புப் படலம் உரிந்துவிடுமாம். வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று பேத்தி கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் நீருக்கடியில் விரலைக் காட்டினார்.

நானும் எட்டிப் பார்த்தேன். புற்களுக்கிடையே மணலில் வட்ட வட்டமான சிறு பள்ளங்கள் தெரிந்தன. ஒவ்வொரு பள்ளத்தின் மேலும் ஒரு மீன் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அவை புளூகில் மீன்களின் கூடுகள். ஆண் மீன் வாலால் மணலை விலக்கிப் பள்ளம் செய்யும். பெண் மீன் முட்டையிட்டுப் போன பின்னர் ஆண் மீனே காவல் காக்கும். பிடிபட்டது அப்படிக் காவலுக்கு நின்ற தகப்பன். சிறுமி சற்று நேரம் பார்த்தாள். பிறகு தானே அதை நீரில் விட்டாள்.

நான் முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். நீர் தெளிவாக இருக்கிறது, புல்தான் கெடுக்கிறது என்றேன். அவர் சிரித்தார். புல் இருப்பதால்தான் நீர் தெளிவாக இருக்கிறது என்றார். அவர் சொன்னதைக் கேட்டும், பின்னர் நானே தேடிப் படித்தும் அறிந்ததை இங்கே சுருக்கித் தருகிறேன்.

கெண்டை கலக்கிய ஏரி

சாதாக் கெண்டை அமெரிக்க மண்ணுக்குரிய மீனன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நல்ல உணவு மீன் என்று கருதி, அரசே முன்னின்று அதை நாடெங்கும் நீர்நிலைகளில் பரப்பியது. கெண்டை அடிமண்ணைக் கிளறி இரை தேடும். கிளறும்போது நீர்த்தாவரங்களின் வேர் அறுகிறது, சேறு மேலெழுகிறது, சேற்றில் அடங்கியிருந்த பாஸ்பரஸ் நீரில் கலந்து நுண்பாசிக்கு உரமாகிறது. நீர் கலங்கிப் பச்சையாகிறது. ஆழமான ஏரியில் இத்தகைய மாற்றம் மெதுவாக நிகழும். தட்டுப் போன்ற ஏரியில் அடியும் மேலும் அருகருகே இருப்பதால் கெண்டையின் வேலை விரைவில் முடிந்துவிடும்.

விங்ராவும் பல்லாண்டுகள் இப்படித்தான் கலங்கிக் கிடந்தது. 2005-ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தனர். ஏரியின் ஒரு மூலையில் ஏறக்குறைய ஒரு ஹெக்டேர் பரப்பைத் தடுப்புத் திரையால் வளைத்து, உள்ளே கெண்டை வராமல் பார்த்துக்கொண்டனர். திரைக்கு உள்ளே நீர் தெளிந்தது, தாவரங்கள் முளைத்தன. திரைக்கு வெளியே பழைய கலங்கல். ஒரே ஏரி, ஒரே வெயில், ஒரே மழை. ஆயினும் இரு வேறு நீர்! அறிவியல் பாடத்தில் ‘கட்டுப்படுத்தப்பட்ட மாறி’ என்று நாம் கரும்பலகையில் எழுதிப்போடுவதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு உண்டா?

பின்னர் 2008 மார்ச் மாதம், ஏரி உறைந்திருந்தபோது பனிக்கட்டிக்கு அடியில் வலைவிட்டு இருபது டன்னுக்கும் மேற்பட்ட கெண்டையை அள்ளினார்கள். குளிர்காலத்தில் கெண்டைகள் ஓரிடத்தில் கூட்டமாக ஒடுங்கும் என்பதால் அக்காலத்தைத் தேர்ந்தெடுத்தனர். அதன் பிறகு நீர் தெளிந்தது. ஒளி அடிமட்டம் வரை சென்றது. ஒளி சென்ற இடமெல்லாம் புல் முளைத்தது.

அங்கேதான் அடுத்த சிக்கல் தொடங்கியது.

எல்லாரும் விரும்பும் ஏரி எது?

நீர் தெளிய வேண்டும் என்று விரும்பாதவர் இல்லை. ஆனால் நீர் தெளிந்ததும் துடுப்பில் புல் சுற்றுகிறது. தூண்டில் முள் கொடியில் மாட்டுகிறது. நீந்துவோரின் காலை இலைகள் வருடுகின்றன. நீந்துவோர் வெறும் மணலைக் கேட்கின்றனர். படகு வலிப்போர் திறந்த வெளியைக் கேட்கின்றனர். மீன்பிடிப்போர் புல்லின் ஓரத்தைக் கேட்கின்றனர், ஏனெனில் மீன் அங்கேதான் ஒதுங்குகிறது. மூவர் கேட்பதையும் முழுமையாகக் கொடுக்கும் ஏரி உலகில் இல்லை.

ஆழமற்ற ஏரிகளுக்குப் பெரும்பாலும் இரு நிலைகள் உண்டென ஏரியியல் அறிஞர்கள் விளக்குகின்றனர். ஒன்று, தாவரம் நிறைந்த தெளிந்த நிலை. மற்றொன்று, தாவரமற்ற கலங்கிய நிலை. தாவரங்கள் அலையைத் தணித்துச் சேற்றைப் பிடித்து வைக்கின்றன. பாசியைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குப் புகலிடம் தருகின்றன. அவற்றை முற்றாக அழித்தால் அடுத்த கோடையில் கண்ணாடி நீர் வராது. பச்சைக் கஞ்சிதான் வரும்.

எல்லாப் புல்லும் நல்லது என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பிய, ஆசியப் பகுதிகளிலிருந்து வந்த நீர்மில்பாயில் என்னும் கொடி 1960களில் விங்ராவில் பரவி, மேற்பரப்பில் பாய் விரித்தாற்போல் படர்ந்தது. அது உள்ளூர்த் தாவரங்களை நெருக்கும். ஆகவே, அங்கு இயந்திரப் படகுகளால் புல்லை அறுக்கிறார்கள். என் கருத்து இதுதான்: நீராடும் துறைக்கும் படகுத் துறைக்கும் வழி வேண்டுமெனில் அவ்வழியை மட்டும் அறுக்கட்டும். எஞ்சியது ஏரிக்கு உரியது. துடுப்பில் சுற்றும் நான்கு இழைகளை எடுத்தெறியும் பொறுமை இல்லாதவர், தெளிந்த நீரைக் கேட்கும் தகுதியையும் இழக்கிறார்.

இதே பொறுமையை அவ்வூர் விதிகளும் கோருகின்றன. விங்ராவில் இயந்திரப் படகு அலை எழுப்பாத மெதுவான வேகத்தில்தான் செல்லலாம். ஆழம் குறைந்த ஏரியில் விரைவுப் படகின் சுழலி, கெண்டை செய்த வேலையையே செய்யும் அல்லவா? ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குப் படகைக் கொண்டுபோகும்போது ஒட்டியிருக்கும் புல்லை அகற்றி, உள்ளிருக்கும் நீரை வடித்துவிட வேண்டும் என்பதும் மாநிலச் சட்டம்.

கரையில் வாழ்வோருக்கும் பங்குண்டு. விங்ராவுக்கு வரும் நீரில் பெரும்பகுதி நகரத்துச் சாலைகளையும் புல்வெளிகளையும் கழுவிக்கொண்டு வருகிறது. மேடிசன் அமைந்துள்ள டேன் மாவட்டத்தில் பாஸ்பரஸ் கலந்த புல்வெளி உரத்துக்கு 2005 முதல் கட்டுப்பாடு உண்டு. 2010-இல் மாநிலம் முழுமைக்கும் அது விரிந்தது. இலையுதிர் காலத்தில் சாலையோரத்தில் குவியும் இலைகளிலிருந்தும் பாஸ்பரஸ் கசிகிறது. பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பும் வடிகால் வழியே ஏரியை அடைகிறது. புல்லை அறுக்க இயந்திரம் உண்டு. கரைந்த உப்பை அள்ள வலை இல்லை.

மீன்பிடிப்போர் ஏரியிலிருந்து எடுத்துக்கொண்டே போகிறவர்கள் என்று நான் எண்ணியிருந்தேன். அவர்கள் கொடுக்கவும் செய்கிறார்கள். 1950-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமொன்று தூண்டில், நரம்பு போன்ற கருவிகளின்மீது வரி விதித்து, அத்தொகையை மாநிலங்களின் மீன்வளப் பணிக்கு அனுப்புகிறது. உரிமக் கட்டணமும் அப்பணிக்கே செல்கிறது. பொழுதுபோக்குக்கு வருகிறவன் பொழுதுபோக்கும் இடத்தைப் பேணவும் பணம் தருகிறான். இது நியாயமான ஏற்பாடு.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்த முதியவர் பேத்திக்கு ‘மீனைக் கொல்லாதே’ என்று அறிவுரை கூறவில்லை. கூட்டைக் காட்டினார், முடிவை அவளிடம் விட்டார். நாமோ முதலில் நன்னெறியைச் சொல்கிறோம். பிறகு அதற்கேற்ற படத்தைத் தேடுகிறோம். வரிசையை மாற்றிப் பார்க்கலாம்.

பெற்றோருக்கு ஒன்று. நீர் என்றாலே நம்மவர்க்கு அச்சம். அவ்வச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அச்சத்திற்கு மருந்து பிள்ளையை வீட்டில் பூட்டி வைப்பதன்று. அங்கே படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு உடை ஒன்று படகில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். சின்னஞ்சிறு ஏரி, ஆழம் குறைவு என்று எவரும் சலுகை கேட்பதில்லை. பெரியவர் உடனிருந்து, முறையோடு அழைத்துச் சென்றால், இரண்டு மணி நேரத் தூண்டில் ஒரு பிள்ளைக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுக்கும். கைப்பேசித் திரையை விரலால் தள்ளிப் பழகிய தலைமுறைக்குக் காத்திருப்பதைவிட அரிய பாடம் வேறென்ன?

எனக்கு நானே சொல்லிக்கொண்டது மூன்றாவது. ஊர் திரும்பியதும் அந்தப் பழைய மாணவனைத் தேடிக் கண்டுபிடித்தேன். இப்போது அவனுக்குத் திருமணமாகி ஒரு குழந்தையும் இருக்கிறது. தொலைபேசியில் விங்ராவின் கதையைச் சொல்லி, “அன்று நீ எழுதியதுதான் சரி. நான் தவறாகக் கோடு போட்டேன்” என்றேன்.

சற்று நேரம் அவன் பேசவில்லை. பிறகு, “எங்கள் பாட்டி வீட்டுக்குப் பின்னால் ஈயம் எடுத்த பழைய குட்டை ஒன்று இருந்தது ஐயா. அதில் பார்த்ததைத்தான் எழுதினேன். நீங்கள் பிழை என்றதும் நான் பார்த்தது தப்பு என்று நினைத்துக்கொண்டேன்” என்றான்.

கட்டுரையைப் பிழை என்றேன். அவன் தன் கண்ணையே பிழை என்று எடுத்துக்கொண்டான். இத்தனை ஆண்டுகளில் இன்னும் எத்தனை கண்களை அப்படி மூடியிருப்பேனோ!

இப்போதெல்லாம் மாணவர் எழுதிய வரி எனக்குப் புரியாவிட்டால் சிவப்புப் பேனாவை உடனே திறப்பதில்லை. “இதை எங்கே பார்த்தாய்?” என்று முதலில் கேட்கிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.