கிழக்கே கிப்லா

 

பிள்ளையை வெளிநாட்டிற்குப் படிக்க அனுப்பிவிட்டு, ஒருமுறையேனும் போய்ப் பார்த்துவர ஏங்கும் தாய்மார்கள் நம் ஊர்களில் பெருகி வருகின்றனர். அவர்களுள் நானும் ஒருத்தி. ஸ்பெயின் நாட்டுக் கிரனாடா நகரில், அரபு நூல்களில் கர்னாத்தா என வழங்கும் அதே நகரில், என் இளைய மகள் மொழிபெயர்ப்புத் துறையில் நான்காண்டுப் பட்டப்படிப்புப் படிக்கிறாள். முதலாண்டுத் தேர்வுகள் முடிந்த ஜூன் மாதத்தில் அவளைக் காணச் சென்றேன்.

காணச் சென்றேன் என்பதைவிடக் கண்காணிக்கச் சென்றேன் என்பதே பொருந்தும். ஓராண்டாக நாள்தோறும் தொலைபேசியில் இரண்டே கேள்விகள்தாம் கேட்டு வந்தேன். "தொழுதாயா? என்ன சாப்பிட்டாய்?" தொடக்கத்தில் விரிவாகப் பதில் சொன்னவள், போகப் போக "ஆமாம்", "சாப்பிட்டேன்" என்று சுருக்கிக்கொண்டாள். அந்தச் சுருக்கம்தான் என்னை விமானம் ஏற வைத்தது.

பயணம் போக எண்ணுவோருக்குச் சில செய்திகள். ஷெங்கன் விசாவில் 180 நாள்களுக்குள் 90 நாள்கள் வரைதான் தங்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும், தங்குமிடத்திற்கான சான்றும் கேட்பார்கள். இறைச்சியையும் பாற்பொருள்களையும் பயணிகள் நம் நாட்டிலிருந்து அங்கே கொண்டு செல்லக் கூடாது. இதை அறியாமல், அவளுக்குப் பிடித்த உப்புக்கண்டத்தை ஒரு வாரம் வெயிலில் காயவைத்துக் கட்டி வைத்திருந்தேன். புறப்படும் நாளுக்கு முந்திய இரவு விவரம் தெரிந்து பெட்டியிலிருந்து எடுத்தபோது கண் கலங்கிவிட்டது. ஊறுகாயும் மசாலைப் பொடிகளும் மட்டும் உடன் வந்தன.

மத்ரித்திலிருந்து பேருந்தில் ஐந்து மணி நேரம். வழியெங்கும் குன்றுகளின்மீது வரிசை வரிசையாக ஒலிவ மரங்கள். அவளுடைய வீட்டிற்கு அருகிலேயே ஒரு சிறிய விடுதியில் அறை எடுத்திருந்தாள். அங்கே ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை மணிக்குப் பிறகுதான் மஃரிப். ஸ்பெயின் 1940ஆம் ஆண்டில் தன் கடிகாரத்தை ஜெர்மனியின் நேரத்திற்கு மாற்றிக்கொண்டது. இன்றுவரை திருப்பி வைக்கவில்லை. அதனால் சூரியன் ஒரு கணக்கிலும் கடிகாரம் ஒரு கணக்கிலும் ஓடுகின்றன. பகலுணவு இரண்டு மணிக்கு மேல், இரவுணவு ஒன்பது, பத்து மணிக்கு. "நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?" என்று இத்தனை நாளும் நான் கேட்டது எந்த நேரத்தைக் குறித்தோ!

அன்று மாலை ஒலுச் செய்துவிட்டு விரிப்பை விரித்தேன். ஜன்னலில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நம் ஊரில் மஃரிபுக்குச் சூரியன் மறையும் திசைதானே கிப்லா? ஐம்பதாண்டுப் பழக்கம், கை தானாக மேற்கே விரித்துவிட்டது. மகள் ஒன்றும் பேசாமல் வந்து, விரிப்பை எடுத்துக் கிழக்கே திருப்பி விரித்தாள். தொழுதாயா என்று விசாரிக்க வந்தவளுக்கு அவள் திசை காட்ட வேண்டியதாயிற்று.

மறுநாள் அவளது சமையலறையைப் பார்த்தேன். மொராக்கோ நாட்டுப் பெண் ஒருத்தியும் ஸ்பானியப் பெண் ஒருத்தியும் அவளுடன் அந்த வீட்டில் இருக்கிறார்கள். இவளுடைய வாணலியின் காம்பில் மட்டும் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது. பன்றிக்கொழுப்பு அங்கே பலகாரங்களிலும் சேர்கிறது. 'மன்தேகா' என்ற சொல்லை உறைகளில் தேடிப் பார்த்துத்தான் எதையும் வாங்குகிறாள். இறைச்சிக்கு மொராக்கோக்காரரின் ஹலால் கடை. நான் ஒருமுறையேனும் "எப்படிச் சமாளிக்கிறாய்?" என்று கேட்டிருந்தால் இவற்றையெல்லாம் முன்பே சொல்லியிருப்பாள்.

கடைக்குப் போன இடத்தில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. எண்ணெய்க்கு அஸெய்த்தே, சர்க்கரைக்கு அஸூக்கர், அரிசிக்கு அர்ரோஸ். மூன்றும் அரபியிலிருந்து போனவை. மதரஸாவில் ஓதிய அளவிலான என் அரபியே எனக்கு அங்கே கைகொடுத்தது.

அல்ஹம்ராவைப் பற்றி எழுதாதவர் இல்லை. நான் கடந்து செல்கிறேன். நுழைவுச்சீட்டை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள் என்பது மட்டும் என் சொல். நான் நெடுநேரம் அமர்ந்திருந்தது அதற்கு எதிரே, அல்பைஸீன் மேட்டில், 2003ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பள்ளிவாசலின் தோட்டத்தில். 1492இல் நகரம் கைமாறிய பின் ஐந்து நூற்றாண்டுகள் கழித்து எழுந்த பள்ளி அது. அங்கேதான் மகள் வாய் திறந்தாள்.

ஜனவரித் தேர்வில் ஒரு பாடத்தில் அவள் தவறியிருக்கிறாள். அங்கே பத்துக்கு ஐந்து எடுத்தால் தேர்ச்சி; அவளுக்கு மூன்று. ஊரில் ஓராண்டு ஸ்பானியம் படித்துவிட்டுப் போனவள்தான். ஆனால் அந்தப் பகுதி மக்கள் சொல்லின் இறுதி 'ஸ்' ஓசையை விழுங்கிப் பேசுவார்களாம். பேராசிரியர் பேசியதில் பாதி விளங்காமல், இரவெல்லாம் அழுதுவிட்டு, காலையில் என் தொலைபேசிக்கு "சாப்பிட்டேன் உம்மா" என்று பதில் சொல்லியிருக்கிறாள். மறுதேர்வு எழுதித் தேறியும்விட்டாள். தேறிய பின்னரும் சொல்லவில்லை.

"ஏன்மா என்னிடம் சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லையே, உம்மா."

கோபம் வந்தது, சகோதரிகளே. மறைக்க மாட்டேன். அவள் வாப்பா சேமிப்பையெல்லாம் கரைத்து அனுப்பிய பணமும் அப்போது நினைவுக்கு வந்தது. ஏதேனும் சொல்லியிருப்பேன். அதற்குள் அஸருக்குப் பாங்கு ஒலித்தது. இருவரும் எழுந்து போய்த் தொழுதோம். திரும்பி வந்தபோது, அந்த இரவுகளில் யார் துணையிருந்தார்கள் என்று மட்டும் கேட்டேன். அந்த ஸ்பானியப் பெண்தானாம். பாடக் குறிப்புகளை உரக்கப் படித்துக் காட்டி, விழுங்கிய ஓசைகளையெல்லாம் திருத்தமாகச் சொல்லிக் கொடுத்தாளாம். நான் முகம் சுளித்துப் பார்த்திருந்த பெண் அவள்! அன்று மாலையே அவர்கள் மூவருக்கும் தேங்காய்ச் சோறும் கோழி ஆணமும் ஆக்கினேன். அந்தப் பெண் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஊர் திரும்பிய பின், நாள்தோறும் பேசுவதை நிறுத்திவிட்டேன். அவளுக்கு வசதிப்படும்போது அவளே அழைக்கிறாள். செப்டம்பரில் வகுப்புகள் தொடங்கிய வாரத்தில் ஒரு நாள் அழைத்தாள். அங்கே இரவு எட்டு மணி, இங்கே பதினொன்றரை.

"உம்மா, இன்று ஒரு வகுப்பில் ஒன்றுமே விளங்கவில்லை" என்றாள்.

விளக்கைப் போட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். "சொல்லும்மா" என்றேன்.