அணை இருந்தால் போதுமா?

மொத்த மழையளவு குறையாதவரை, கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் பனி குறைந்தால் என்ன, அணைகள்தான் இருக்கின்றனவே என்கிறார்கள் சிலர். இந்த வாதம் காலத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

அம்மாநிலத் தண்ணீர்த் தேவையில் ஏறத்தாழ 30 சதவீதத்தை மலைப்பனி தருகிறது. குளிர்காலத்தில் சேரும் பனி, வயல்கள் தண்ணீர் கேட்கும் ஏப்ரல் முதல் ஜூலை வரை உருகி இறங்கும். மழையோ பெய்த கையோடு ஓடிவிடும். வெள்ளத்துக்கு இடம்விட்டே ஆகவேண்டிய அணைகளால் அதை முழுதும் பிடித்துவைக்க முடியாது. 2017 பிப்ரவரியில் பெருமழை வெள்ளத்தைத் திறந்துவிட்டபோது ஓரோவில் அணையின் உபரிநீர்க் கால்வாய் உடைந்தது. 1,80,000-க்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

2015 ஏப்ரல் 1 அன்று சியரா நெவாடாவில் உள்ள ஃபிலிப்ஸ் நிலையத்தில் பனியை அளக்கப் போனவர்கள் நின்றது வெறும் புல்தரையில். மாநிலப் பனியிருப்பு சராசரியில் 5 சதவீதம்தான். நகரங்கள் தண்ணீர்ப் பயன்பாட்டை 25 சதவீதம் குறைக்கவேண்டும் என்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அங்கேயே அறிவித்தார். அணைகளை நம்பச் சொல்பவர்கள் அந்த உத்தரவுக்கு முதலில் பதில் சொல்லட்டும்.